அப்பாவின் ஸ்பீக்கருக்கு வந்த தீர்ப்பு

இரண்டாவது பாட்டிலேயே கணக்கு டீச்சர் காதைப் பொத்திக்கொண்டார். அப்பா அதைக் கவனிக்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பினார். ஜன்னல் கண்ணாடியும் நடுங்கிக்கொண்டிருந்தது.

"டிரம்ஸைக் கேளுங்க, டிரம்ஸை!" என்று அப்பா கத்தினார்.

"கேக்குது! தெருமுனை வரைக்கும் கேக்குது!" என்று பஸ் டிரைவர் மாமா திருப்பிக் கத்தினார்.

கீழ்வீட்டுப் பல் டாக்டர் தாடையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வழக்கமாக அவரைப் பார்க்க வருகிறவர்கள்தான் அப்படி உட்கார்ந்திருப்பார்கள்.

அம்மா டீ கொடுத்துக்கொண்டிருந்தாள். தட்டில் இருந்த கப்புகள் தாமாகவே தாளம் போட்டன. அம்மா முகத்தில் மட்டும் ஒன்றும் தெரியவில்லை. அது நல்லதே இல்லை. அம்மாவுக்குக் கூரியர் கம்பெனியில் புகார் கேட்கும் வேலை. பார்சல் வராதவர்கள் எல்லாரும் போனில் அவளைத் திட்டுவார்கள். அம்மா "புரியுதுங்க, சொல்லுங்க" என்பாள். கடைசியில் திட்டியவர்களே "சாரிங்க, கொஞ்சம் அதிகமா பேசிட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனை வைப்பார்கள். அந்த "புரியுதுங்க" முகத்தோடுதான் இப்போது டீ கொடுத்தாள்.

நான் பாட்டு ஓடும் போனைக் கையில் பிடித்துக்கொண்டு அலமாரி ஓரமாக நின்றேன். அந்த அறையில் ஒரு மோசடி நடந்துகொண்டிருந்தது. அது எனக்கும் அப்பாவுக்கும் மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

என்ன மோசடி என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீட்டி முழக்க எனக்குப் பொறுமை கிடையாது. பொறுமை இருந்திருந்தால் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டிருக்க மாட்டேன்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் ஏறும் சத்தத்தைக் கேட்டே எந்தச் சக்கரத்தில் என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்ட காதை ஒரே ஒரு ராக் குழுவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். குழுவின் பெயர் 'நனைந்த தீக்குச்சிகள்'. சினிமாவுக்குப் பாடமாட்டார்கள். பெரிய கம்பெனி வாசலை மிதிக்கமாட்டார்கள். அவர்களே எழுதி, அவர்களே பாடி, அவர்களே விற்பார்கள். அப்பா மாதிரி ஆட்கள் வாங்குவார்கள். அவர்களுடைய முதல் ஆல்பம் 'கதவை உடை'. கல்யாணத்துக்கு முன்னால் அதைக் கேட்டு மயங்கிப்போய், அதற்காகவே ஆளுயர ஸ்பீக்கர் இரண்டு வாங்கினார். ஆக, எங்கள் வீட்டுக்கு முதலில் வந்தவை ஸ்பீக்கர்கள். அப்புறம் அம்மா. அப்புறம் நான். மரியாதையும் அதே வரிசையில்தான்.

நான் ஒரு சலூனில் தலை அலசிவிடுகிறேன். இப்போது வெட்டவும் விடுகிறார்கள். அங்கே புது நாற்காலி வந்ததும் பழைய நாற்காலியை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். மிதித்தால் ஏறும், இன்னொரு மிதி மிதித்தால் இறங்கும். அதை ஜன்னல் ஓரம் போட்டு ஒரு கண்ணாடியும் மாட்டினால், வீட்டிலேயே நாலு பேருக்கு முடி வெட்டலாம். எனக்கென்று ஒரு தொழில் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் வெளிச்சம் வரும் ஜன்னல் ஒன்றே ஒன்றுதான். அங்கே ஸ்பீக்கர்கள் நிற்கின்றன. நாற்காலி குளியலறை வாசலில் கிடந்தது. போகிற வருகிற எல்லாரும் முட்டியில் இடித்துக்கொண்டார்கள். அப்பா அதில் உட்கார்ந்து ஷூ போட்டுக்கொண்டார்.

அம்மாதான் எனக்காகப் பேச்சை எடுத்தாள்.

"என்னங்க, அந்தப் பொட்டி ரெண்டையும் எடுத்துட்டா பாப்பா நாற்காலிய அங்க போடலாம்ல?"

"பொட்டி இல்ல. ஸ்பீக்கர்."

"சரி, ஸ்பீக்கர் பொட்டி."

"அடுத்த வாரம் குச்சிங்களோட புது ஆல்பம் வருது! எத்தனை வருஷம் கழிச்சு! இப்போ போய் எடுக்கச் சொல்றியே, உனக்கு மனசாட்சி இருக்கா? அதை ஒரு தடவ கேட்டா நீயே எடுக்க வேணாம்னு சொல்லுவ."

"நான் என்னத்த சொல்றது. நான் வாக்கப்பட்டுட்டேன், எனக்குப் பழகிப்போச்சு. சத்தத்தைத் தாங்குறது அக்கம்பக்கம். அவங்களுக்குப் பிடிச்சா சரி."

"பிடிக்கும்! யார வேணா கூப்பிடு! பிடிக்கலைன்னு ரெண்டு பேர் சொல்லட்டும், நானே தூக்கி வெளிய வெக்கிறேன்!"

அம்மா எப்போதும் குழி வெட்டமாட்டாள். மண்வெட்டியை அப்பா பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள்.

"அப்போ டீச்சர், டிரைவர், டாக்டர். மூணு பேர். ஆல்பம் வந்ததும் வர்ற ஞாயித்துக்கிழமை" என்றாள். "ரெண்டு பேர் நல்லா இருக்குன்னா பொட்டி அங்கேயே இருக்கட்டும். நான் அதுக்கப்புறம் வாயத் திறக்கமாட்டேன்."

அம்மா வாயைத் திறக்காத வீடு! அப்பாவின் கண்ணில் அது தெரிந்தது.

புது ஆல்பம் வந்தது. பெயர் 'செருப்பைக் கழட்டிட்டு வா'. கதவை உடைத்தவர்கள் இப்போது செருப்பைக் கழட்டிவிட்டு வருகிறார்கள் என்று அப்போதே அப்பா உஷாராகியிருக்க வேண்டும். அவரோ ஒரு பாட்டுக்கூடக் கேட்காமல், ரசிகர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் "காலத்தால் அழியாத படைப்பு" என்று போட்டுவிட்டார். பிறகுதான் என் நாற்காலியில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டினார்.

நான் எதிரே நின்று பார்த்தேன். ஒருத்தர் முகம் பாட்டுக் கேட்டே இறங்குவதை அன்றுதான் பார்த்தேன். நாற்காலியும் கூடவே இறங்கியது. மிதியில் கால் பட்டுவிட்டது.

"என்னாச்சுப்பா?"

"கிட்டாரே இல்ல, பாப்பா. பியானோ வாசிக்கிறாங்க. டிரம்ஸ்காரன் ஏதோ பிரஷ்ஷை வெச்சுத் தடவுறான்."

"எத்தனை பாட்டு கேட்டீங்க?"

"ஒண்ணரை."

குரூப்பில் ஒரே அடிதடி. ஒருத்தர் "குச்சியில மருந்தே இல்ல" என்றார். இன்னொருத்தர் "இதுதான் இவங்க செஞ்சதுலயே உசத்தி, காது இருக்குறவனுக்குப் புரியும்" என்றார். "எனக்குக் காது இருக்கு, ஆனா தூக்கம் வருது" என்று அதற்குப் பதில் வந்தது. ஒருத்தி மட்டும் "மூணாவது பாட்டைப் போட்டேன், அழுதுட்டு இருந்த குழந்தை தூங்கிடுச்சு, நன்றி" என்று எழுதியிருந்தாள். அது பாராட்டா, திட்டா என்று தனியாக ஒரு சண்டை ஓடியது.

ஒரே பாட்டைக் கேட்டு இத்தனை பேர் எப்படி இத்தனை விதமாகப் பேசுகிறார்கள்? எனக்கு ஆர்வம் தாங்கவில்லை. சலூனில் தலை அலசும்போது அதையே போட்டுக் கேட்டேன். உண்மையைச் சொல்கிறேன், நன்றாகத்தான் இருந்தது. நான் தலை அலசிக்கொண்டிருந்த அம்மாள் அப்படியே கண்ணை மூடிக்கொண்டார். அலசி முடித்த பிறகும் எழுந்திருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னேன். "அப்பா, எனக்குப் பிடிச்சிருக்கு."

"உனக்கு எப்படிப் பிடிக்காம போகும்? ஸ்பீக்கர் போனா ஜன்னல் மூலை உனக்குத்தானே?"

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? எல்லாருக்கும் பிடிச்சா ஸ்பீக்கர் இருக்கும். எனக்குத்தான் நஷ்டம். யோசிச்சுப் பேசுங்க!"

அப்பா யோசித்தார். யோசித்து அந்தத் திட்டத்தோடு வந்தார்.

"பாப்பா, இவங்க மூணு பேர் காதுலயும் இத்தனை வருஷமா சத்தம்தான் விழுந்திருக்கு, குச்சிங்களைப் பாட்டுன்னு உக்காந்து கேட்டதே இல்ல. பழசு எது, புதுசு எதுன்னு எப்படித் தெரியும்? நீ 'கதவை உடை' பாட்டுங்களுக்குப் புது ஆல்பத்தோட பேரை மாத்தி வெச்சுடு. திரையில புதுப் பேரு ஓடும். ஸ்பீக்கர்ல அசல் குச்சிங்க பாடுவாங்க. மூணு பேரும் எழுந்து ஆடலைன்னா என்னைக் கேளு!"

"இது ஏமாத்து வேலை."

"ஏமாத்து இல்ல. குழுவோட மானத்தைக் காப்பாத்துறது."

எனக்கு மூலை வேண்டும். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஒண்ணரைப் பாட்டோடு நொந்துபோன அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. மாற்றிக் கொடுத்துவிட்டேன்.

அதுதான் இப்போது ஸ்பீக்கரில் உறுமிக்கொண்டிருந்தது. மூன்று பாட்டோடு டீச்சர் கையைத் தூக்கினார். பிள்ளைகள் கையைத் தூக்குவதைப் பார்த்தே பழகியவர். அவரே தூக்கினால் எப்படி இருக்கும்? அப்பா என்னைப் பார்த்துத் தலையாட்டினார். நிறுத்தினேன். அறையில் விழுந்த அமைதியை எல்லாரும் பாட்டைவிட ரசித்தார்கள்.

"எப்படி?" என்றார் அப்பா.

"பையனுங்க நல்லா உழைக்கிறாங்க" என்றார் டாக்டர், ரொம்ப மரியாதையாக.

"உழைக்கட்டும், ஆனா எதுக்குக் கத்தணும்?" என்றார் டீச்சர். "யார் மேல கோபம் அவங்களுக்கு?"

"சமூகத்து மேல, டீச்சர்."

"சமூகம்னா நாங்கதானே இங்க உக்காந்திருக்கோம்? எங்ககிட்ட மெதுவா சொன்னா கேக்கமாட்டோமா?"

டிரைவர் மாமா நெற்றியைத் துடைத்தார். "அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. நாள் முழுக்க ஹாரன் கேக்குறவன் நான். லீவு நாள்ல கூப்பிட்டு ஹாரனையே போட்டா எப்படி? அதுக்குப் பதிலா நேத்து அண்ணி என் பஸ்ல வரும்போது ஒரு பாட்டு போட்டாங்களே, அதைப் போட்டிருக்கலாம்."

"எந்தப் பாட்டு?" என்றார் அப்பா.

"அதான், பியானோ வருமே." மாமா கண்ணை மூடிக்கொண்டு பாடினார். "சாவி உன்கிட்ட... வீடு என்கிட்ட..."

என் கையில் இருந்த போன் திரையில் பெரிய எழுத்தில் 'சாவி உன்கிட்ட' என்று இருந்தது. புது ஆல்பத்தின் மூன்றாவது பாட்டு. நானே கைப்பட மாற்றி வைத்த பெயர். போனைப் படக்கென்று கவிழ்த்துக்கொண்டேன்.

"அட, அதுவா!" டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மாடியில துணி காயப்போடும்போது எனக்கும் போட்டாளே! உங்க வீட்டுத் துணியையும் சேர்த்து நானே காயப்போட்டு முடிச்சுட்டேன், அவ்வளவு நேரம் நின்னு கேட்டேன்."

"என் கிளினிக்குக்கும் வந்தாங்க" என்றார் டாக்டர். "பல் சுத்தம் பண்ணிக்கிட்டே அதைக் கேட்டோம். வெளிய காத்திருந்த ஆள் ஒருத்தர், பல் பிடுங்க வந்தவர், 'என்னங்க பாட்டு இது'ன்னு கேட்டுட்டு உள்ள வந்தார். பயமே இல்ல. அந்த ஆல்பத்தை எனக்கு அனுப்புங்க. நாள் முழுக்க ஓடட்டும். யாரு பாடினது?"

எல்லாரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா காலிக் கப்புகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு இந்தக் குழு பேரெல்லாம் எங்க ஞாபகம் இருக்கு? அவருக்குத்தான் எல்லாம் தெரியும்." அப்பாவைப் பார்த்துத் திரும்பினாள். குரல் தேனாக வந்தது. "என்னங்க, 'சாவி உன்கிட்ட' யாருங்க பாடினது? உங்களுக்குத் தெரியும்ல?"

அப்பாவின் வாய் திறந்தது. "அதுதான் குச்சிங்களோட புது ஆல்பம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் மூன்று ஓட்டும் அவருக்கு. ஸ்பீக்கர் நிற்கும். அம்மா காலம் முழுக்க வாயைத் திறக்கமாட்டாள். ஆனால் சொன்ன அடுத்த நொடியே, அப்படியென்றால் இவ்வளவு நேரம் எங்கள் காதில் எதை அடித்தாய் என்று கேட்பார்கள்.

வாய் மூடிக்கொண்டது.

"தெரியாது" என்றார் அப்பா.

"உங்களுக்கே தெரியாதா!" என்று டிரைவர் மாமா ஆச்சரியப்பட்டார். "நல்ல குழுண்ணே. தேடிப் பாருங்க. இந்த ஹாரன் கோஷ்டிய விட்டுட்டு அவங்க பக்கம் வந்துடுங்க."

"கேட்டதே இல்லையா?" என்று டீச்சர் கேட்டார்.

"இல்ல, டீச்சர்."

அம்மா மட்டும் "பாவம்" என்றாள். அந்த ஒரு சொல்லில் எவ்வளவு இருந்தது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

டீச்சர் போகும்போது என் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். "மூணுல பூஜ்யம். சதவீதம் போட்டுச் சொல்லு பார்ப்போம். பள்ளிக்கூடத்தை விட்டுட்ட, இதாவது வருமா?"

"வரும், டீச்சர். அடுத்த ஞாயித்துக்கிழமை வாங்க, முடி வெட்டிவிடறேன். மூலை கிடைச்சாச்சு."

எல்லாரும் போன பிறகு அப்பா தரையில் உட்கார்ந்து ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றினார். நான் அளவு நாடாவோடு ஜன்னலை அளந்தேன். சந்தோஷமாக இருந்தது. அப்பாவைப் பார்த்தால் அந்தச் சந்தோஷம் கொஞ்சம் குறைந்தது, அதனால் ஜன்னலையே பார்த்தேன். அம்மா உள்ளே கப்பு கழுவிக்கொண்டு 'சாவி உன்கிட்ட' பாடினாள். சுருதி சுத்தமாக இருந்தது. அதுதான் அப்பாவுக்கு இன்னும் வலித்திருக்கும்.

"அப்பா, நாம பழசைப் போடப்போறோம்னு அம்மாவுக்கு எப்படித் தெரியும்? சத்தியமா நான் சொல்லல."

"தெரிஞ்சிருக்காது."

"அப்போ எந்தத் தைரியத்துல மூணு பேருக்கும் புதுசைப் போட்டுக் காட்டினா? நாம ஒழுங்கா புதுசையே போட்டிருந்தா நீங்கதானே ஜெயிச்சிருப்பீங்க?"

அப்பா ஒயரை முழங்கையில் சுற்றினார். ரொம்ப நேரம் சுற்றினார். ஒயர் அவ்வளவு நீளமில்லை.

"காலைல ஷூ போட்டுட்டு இருந்தேன். பக்கத்துல வந்து நின்னா. 'என்னங்க, வேற எதுவும் யோசிக்காதீங்க. புதுசையே போடுங்க. மூணு பேருக்கும் பிடிக்கும், பொட்டி உங்களுக்குத்தான்'னு சொன்னா."

நாடா என் கையிலிருந்து சுருண்டு ஓடியது.

"இவ்வளவு தெளிவா சொல்லியிருக்கா! அப்புறம் ஏம்ப்பா போடல?"

அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். இதைக்கூடவா விளக்கிச் சொல்ல வேண்டும் என்கிற மாதிரி.

"அவ போடச் சொன்னாளே!"