ஒதீல் பிறந்த வருஷத்து ஷாம்பேன்

இந்த வருஷம் பெண்டாட்டிக்குப் பயப்படுவதில்லை என்று புத்தாண்டன்று ரெஜிஸ் முடிவு செய்தான். போன வருஷமும் இதே முடிவைத்தான் செய்தான். அது மறுநாள் காலைக் காப்பி வரைக்கும் தாங்கியது. இந்தத் தடவை ஜனவரியில் மூன்று வாரம் உயிரோடு இருந்ததென்றால் அதற்குக் காரணம் ஒன்றுதான். முடிவை அவன் ஒதீலிடம் சொல்லவில்லை.

எல்லாம் ஒரு காரால் வந்தது. பக்கத்து ஊரான எபெர்னேயில் ஒரு பட்டறை வாசலில் நின்ற சிவப்புக் கார். கூரையை மடக்கிவிட்டு ஓட்டலாம். காலமெல்லாம் தபால் இலாகாவின் மஞ்சள் வண்டியை ஓட்டி ஓய்வு பெற்றவனுக்கு, சாவதற்குள் ஒரு சிவப்பு வண்டி ஓட்டிவிட வேண்டும் என்று வெறியே வந்துவிட்டது. தூக்கத்தில்கூட கியர் போட்டான்.

"கூரையில்லாத காரா? மழை பேஞ்சா?" என்றாள் ஒதீல்.

"மூடிக்கலாம்."

"மூடின கார்தான் நம்மகிட்ட ஏற்கெனவே இருக்கே."

"காத்து வாங்கலாம் ஒதீல்! முகத்துல ஜில்லுன்னு அடிக்கும்!"

"தோட்டத்துக்கு வா, திராட்சைக் கொடி கவாத்து பண்ணலாம். அங்க காத்து ஓசியிலயே அடிக்குது."

பேச்சு முடிந்தது. ஆனால் ரெஜிஸின் ஆசை முடியவில்லை. அவனுடைய கண் வீட்டுக்கு அடியில் இருந்த நிலவறைப் பக்கம் போயிற்று.

அது ஒதீலின் அப்பா வெட்டிய நிலவறை. 1964இல் மகள் பிறந்ததும் அந்த வருஷத்து ஷாம்பேனில் ஒரு பங்கை அவள் பேரில் ஒதுக்கி வைத்தார் மனிதர். ஷாம்பேன் தயாரிக்கும் அந்தப் பக்கத்தில் பிள்ளை பிறந்தால் எல்லோரும் செய்வதுதான். கல்யாணத்துக்குக் கொஞ்சம் திறந்தார்கள். மீதி இன்னும் தலைகீழாக நிற்கிறது, வண்டலெல்லாம் கழுத்தில் இறங்கி. அந்த நிலையில் பாட்டிலுக்கு லேபிள் கிடையாது. விற்கும்போதுதான் வண்டலை வெளியேற்றி, கார்க் அடித்து, லேபிள் ஒட்டுவார்கள். அதுவரைக்கும் எது எந்த வருஷத்துச் சரக்கு என்று சொல்வது, மேலே ஆணியில் தொங்கும் சிலேட்டு மட்டும்தான். அந்த ஊரில் பாதிரியார் சொல்வதைச் சந்தேகப்படுகிறவர்கள் உண்டு. சிலேட்டைச் சந்தேகப்பட்டவர் ஒருவரும் கிடையாது.

நிலவறையில் இரண்டே குவியல்கள். ஒன்றின் மேல் '1964' என்ற சிலேட்டு. பக்கத்துக் குவியலில் 'ஆலங்கட்டி வருஷம், சமையலுக்கு' என்ற சிலேட்டு. ஆலங்கட்டி மழை அடித்த வருஷத்துச் சரக்கு வாயில் வைக்க விளங்காது. ஒதீல் அதை ஞாயிறுதோறும் முயல் கறியில் ஊற்றித் தீர்த்துக்கொண்டிருந்தாள்.

'பாட்டில் ஒதீலுடையது, ஒதீல் என்னுடையவள், ஆகவே பாட்டில் என்னுடையது' என்று ரெஜிஸ் கணக்குப் போட்டான். பெல்ஜியத்தில் வெர்மூலன் என்று பழைய ஷாம்பேன் வாங்கும் ஒருவர் இருப்பதைப் பத்திரிகையில் பார்த்துப் போன் செய்தான். வண்டல்கூட எடுக்காத அறுபத்து நாலு என்றதும் அந்தப் பக்கம் மூச்சே நின்றுவிட்டது. புனித வின்சென்ட் திருநாளன்று வாருங்கள் என்றான். திராட்சைக்காரர்களின் காவல் புனிதர் வின்சென்ட். அன்று ஊரே சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு பவனி போகும், ஒதீலும்தான்.

அன்று காலையில் ரெஜிஸ் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டான்.

"எந்தப் பக்கம் வலி?" என்றாள் ஒதீல்.

"இடது பக்கம்."

"எழுந்திருக்கும்போது வலதுன்னியே."

"பரவிடுச்சு."

"ஐயோ பாவம். சரி, எதையும் தூக்காதே, என்ன?" என்று கன்னத்தில் முத்தமும் கொடுத்துவிட்டு, கோயிலில் மந்திரிக்க வேண்டிய பெரிய வெண்ணெய் ரொட்டியைச் சுமந்துகொண்டு கிளம்பினாள். இத்தனை சுலபமாக நம்பிவிட்டாளே என்று ரெஜிஸுக்கு அவள்மேல் இரக்கம்கூட வந்தது. மூடன்!

வாத்திய சத்தம் தெருக்கோடியில் தேய்ந்ததும் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. வெர்மூலன் குண்டாக, சிவப்பாக, கழுத்தில் பட்டுத் துணி கட்டியிருந்தார். நிலவறையில் இறங்கியதும் '1964' சிலேட்டின் முன்னால் தொப்பியைக் கழற்றினார்.

"முசியே, ஒண்ணு திறந்து பார்க்கலாமா?"

"ஒண்ணென்ன, ரெண்டு திறங்க!"

வெர்மூலன் ஒரு பாட்டிலைத் தலைகீழாகவே எடுத்து, மெல்ல நிமிர்த்தி, இடுக்கியால் மூடியை நெம்பினார். டப்பென்று வண்டல் பறந்தது. இரண்டு கோப்பைகளில் ஊற்றினார். ரெஜிஸ் முந்திக்கொண்டு ஒரு வாய் குடித்து, கண்ணை மூடினான்.

"அடடா! தேன்! வறுத்த பாதாம்! என்ன ஒரு முதிர்ச்சி!"

வெர்மூலன் தரையில் துப்பினார்.

"முசியே, இது வினிகர்."

ரெஜிஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இன்னொரு வாய் குடித்தான். ஆமாம், புளிப்பு காதுவரை ஏறியது. எங்கேயோ சாப்பிட்ட ருசி மாதிரியும் இருந்தது. எங்கே என்று யோசிக்கிற நிலையில் அவன் இல்லை. இன்னொரு பாட்டில் திறந்தார்கள். அதுவும் அப்படியே. கண்ணெதிரே சிவப்புக் கார் பின்பக்கமாகவே ஓடி மறைந்தது.

"கெட்டுப்போச்சு! அறுபத்து நாலு கெட்டுப்போச்சு!" என்று தலையில் கை வைத்துக்கொண்டான். சிலேட்டு தப்பாக இருக்கலாம் என்று ஒரு கணம்கூட அவனுக்குத் தோன்றவில்லை. அந்த ஊர்க்காரன் யாருக்கும் தோன்றியிருக்காது.

"ஓஹோ! கெட்டுப்போனதை என் தலையில கட்டப் பார்த்தீங்களா?" வெர்மூலனின் குரல் நிலவறை முழுக்க எதிரொலித்தது. "மதாம் எங்கே? நான் மதாமைப் பார்க்கணும்!"

ரெஜிஸ் ஓடிப்போய் நிலவறைக் கதவைச் சாத்தினான்.

"மதாம் எதுக்கு முசியே? மதாமுக்கு உடம்பு சரியில்லை. உங்க பெட்ரோல் செலவுக்கு நான் ஏதாவது பண்றேன்."

வெர்மூலன் சுற்றும் முற்றும் பார்த்தார்.

"அது என்ன?"

"அதுவா? ஆலங்கட்டி வருஷம். சமையலுக்கு."

"எங்க ஊர்ல மட்டிச் சிப்பி வேகவைப்போம்" என்றார் வெர்மூலன், வேண்டா வெறுப்பாக. "அதுல ஊத்தலாம்."

"பேஷா ஊத்துங்க! எல்லாத்தையும் எடுத்துக்கங்க! ஓசி! பவனி திரும்பறதுக்குள்ள கிளம்பிட்டீங்கன்னா போதும்."

"எனக்கு மூட்டுவலி. சுமையோட படியேற முடியாது."

ரெஜிஸ் சட்டைக் கையை மடித்துவிட்டான். பெட்டி பெட்டியாக அந்தச் செங்குத்துப் படியில் ஏறினான், இறங்கினான், மறுபடி ஏறினான். பொய்க்குப் பிடித்த இடுப்பு இப்போது மெய்யாகவே பிடித்தது. வேன் பக்கத்தில் நின்ற வெர்மூலனோ ஒவ்வொரு பெட்டிக்கும் பதறினார்.

"மெதுவா முசியே! குலுக்காதீங்க! குழந்தையைப் படுக்க வைக்கிற மாதிரி வைங்க!"

"சமையலுக்குத்தானே?"

"குலுக்கினா மட்டி வாயைத் திறக்காது."

பெல்ஜியத்து மட்டிகள் இவ்வளவு ரோஷமுள்ளவை என்பது அன்றைக்குத்தான் ரெஜிஸுக்குத் தெரிந்தது. கடைசிப் பெட்டியை வைத்து அவன் முதுகை நிமிர்த்தவும், தெரு முனையில் வாத்தியம் கேட்கவும் சரியாக இருந்தது. பவனியை விட்டு விலகி ஒதீல் வேகமாக வந்துகொண்டிருந்தாள். ரெஜிஸ் வாயைத் திறந்து ஒரு பொய்யைத் தேடினான். அவளோ அவனைத் தாண்டி வெர்மூலனிடம் போனாள்.

"எல்லாம் ஏத்தியாச்சா?"

"ஏத்தியாச்சு மதாம். ஒரு பாட்டில்கூட உடையலை. உங்க வீட்டுக்காரர் ரொம்ப பக்குவமாத் தூக்கினார்."

ரெஜிஸுக்குப் பேயறைந்தது மாதிரி ஆகிவிட்டது.

"உனக்கு… இவரைத் தெரியுமா?"

"நீ கடைக்குப் போயிருந்தப்ப போன் பண்ணினார். அறுபத்து நாலைப் பத்திப் பேசணும்னார். நான்தான் அறுபத்து நாலு, பேசுங்கன்னேன்."

"அப்ப நான் குடிச்ச வினிகர்?"

"ஆலங்கட்டி வருஷம். வாரா வாரம் முயல் கறியில தின்னுட்டு, ருசிகூடவா தெரியலை?"

"சிலேட்டுல அறுபத்து நாலுன்னு…"

"ரெண்டு சிலேட்டையும் இடம் மாத்தி மாட்டினேன். ஒரு நிமிஷ வேலை."

ரெஜிஸ் வேனைப் பார்த்தான். பெட்டிகளைப் பார்த்தான்.

"ஐயையோ! அதுதான் அறுபத்து நாலா? மட்டிக்குன்னு ஓசியில கொடுத்துட்டேனே!"

"கத்தாதே. போன வாரமே என் பேர்ல பணம் போட்டுட்டார். இந்த வசந்தத்துல நானும் அக்காவும் லிஸ்பன் போறோம்."

"அப்ப கார்?"

"எந்தக் கார்?"

ரெஜிஸ் வேன் கதவைப் பிடித்துக்கொண்டான்.

"உன் பாட்டில், நீ வித்துட்டே. சரி. இதுக்கு ஏன் ஒதீல் இப்படி ஒரு நாடகம்?"

"வெளியாளை வெச்சா அந்தப் படியில போட்டு உடைப்பான். உன்னைத் தூக்கச் சொன்னா ஒரு மாசம் புலம்பிட்டுத் தூக்குவே. மாட்டிக்கக்கூடாதுன்னு பயந்து தூக்கறவன் மாதிரி சுறுசுறுப்பா எவனும் தூக்க மாட்டான்."

வெர்மூலன் தொப்பியைத் தொட்டு விடைபெற்றார். ரெஜிஸின் கையைப் பிடித்து அன்பாகக் குலுக்கிவிட்டு வண்டியில் ஏறினார். வேன் போன பிறகு ரெஜிஸ் உள்ளங்கையைப் பார்த்தான். ஒரு நாணயம் இருந்தது, சுமை தூக்கிய கூலி.

"சில்லறையா? நல்லதாப் போச்சு, கொடு" என்று ஒதீல் கையை நீட்டினாள். "அவசரத்துல கோயில் உண்டியல்ல போடாம வந்துட்டேன்."

கொடுத்தான்.