ஆறுமுகத்தின் மெடலுக்கு நான் போட்ட பாலிஷ்

மாமனார் வீட்டில் நல்ல பெயர் வாங்கத் துடிக்கும் புது மாப்பிள்ளையின் கையில் பழைய பொருள் எதையும் கொடுக்கக் கூடாது. என் கையில் கொடுத்தார்கள்.

நான் பழைய ராணுவ மெடல்கள் சேகரிப்பவன் என்று பெண் பார்க்கப் போனபோதே பீற்றி வைத்திருந்தேன். (இருந்ததே மூன்று. அதிலும் ஒன்று ஏதோ பள்ளிக்கூட ஓட்டப்பந்தயத்தில் கொடுத்தது என்று பிற்பாடு தெரிந்தது.) அதை நம்பி, திருக்காட்டுப்பள்ளியில் இருக்கும் என் மாமனார் தன் அறுபதாம் கல்யாணத்துக்கு முன்பு ஒரு வெள்ளி மெடலைத் தந்தார். அவருடைய தாத்தா முதல் உலகப் போரில் வாங்கியது. பண்ணை வேலையை உதறிவிட்டுப் பட்டாளத்துக்குப் போன மனிதர். அவருக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. மெடலின் விளிம்பில் ஆங்கிலத்தில் பொறித்த 'ஆறுமுகம்' என்ற பெயர்தான் வீட்டில் மிஞ்சிய ஒரே அடையாளம்.

"கறுத்துக் கெடக்கு மாப்ள. லேசாத் தொடச்சுக் குடுங்க. திருக்கடையூர்ல சொந்தக்காரங்களுக்கெல்லாம் காட்டணும்."

லேசாகத் துடைக்க நான் எதற்கு? தஞ்சாவூரில் முலாம் பூசும் கடைக்குப் போனேன்.

"எவ்ளோ பளபளப்பு வேணும் சார்?"

"கண்ணு கூசணும்."

"ஓரத்துலயுமா?"

"ஓரத்துலதான் முக்கியமா!"

மெஷினில் தேய்த்து, தங்க முலாமும் பூசி வாங்கி வந்தேன். பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. (சர்ப்ரைஸ் எனக்கும் சேர்த்துத்தான்.)

திருக்கடையூரில் கலச நீர் சொட்டச் சொட்ட மாமனார் பெட்டியைத் திறந்தார். பக்கத்தில் எட்டிப் பார்த்த அவர் தம்பி, "என்னண்ணே, சாக்லேட் காசா?" என்றார். மெடலில் பொறித்திருந்த ராஜாவின் முகத்தில் மூக்கைக் காணோம். மாமனார் அதைப் பொருட்படுத்தாமல் விளிம்பைக் கட்டைவிரலால் தடவினார். மறுபடி தடவினார்.

"மாப்ள, பேரு எங்க?"

சரியாக அந்த நேரம் பார்த்து நாகஸ்வரம் நின்றது. மண்டபமே என்னைப் பார்த்தது. "மியூசியத்துலகூட இப்படித்தான் மாமா…" என்று ஆரம்பித்தவன், என் மனைவி கயல்விழியின் கண்ணைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன்.

அவள் மெடலை வாங்கி, செல்போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து எழுத்துக்கூட்டினாள். "முன்னாடி இருந்த எழுத்து போயிடுச்சுப்பா. 'முகம்' மட்டும் தெரியுது."

மாமனார் தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து நான் காலில் விழத் தயாரானேன். நிமிர்ந்தார். கண்ணில் தண்ணீர்தான், ஆனால் சிரிப்பு.

"ஆறு முகத்துல அஞ்சைத் தேச்சுட்டாரு! போவட்டும், ஒண்ண விட்டு வெச்சாரே!"

மண்டபம் அதிர்ந்தது. மெடலைச் சும்மா ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சாப்பிடப் போயிருக்க வேண்டிய கூட்டம், அந்த மிச்ச முகத்தைப் பார்க்க ஆளுக்கொரு டார்ச்சோடு முண்டியடித்தது. தாத்தா கப்பலேறிய கதையை மாமனார் திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் தம்பி பிள்ளைகளே அன்றுதான் அதை முழுதாகக் கேட்டார்களாம்.

"அழிஞ்ச எழுத்த மறுபடி வெட்டிக் குடுத்துடட்டுமா மாமா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"சாமி, நீங்க இனிமே தொடவே வேணாம்."

மறு வருடம் எங்களுக்குப் பையன் பிறந்தான். பெயர் ஆறுமுகம். வேறு பெயரை யாரும் வாயில்கூட எடுக்கவில்லை. இன்றும் நான் அவனுக்குச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டும்போது, கூடத்திலிருந்து மாமனாரின் குரல் தவறாமல் வரும்:

"மெதுவாத் தேய்ங்க மாப்ள, பேரு போயிடப் போவுது!"