கார்ட்டன் அண்ணாச்சியின் அமெரிக்க அணி

ஸ்ரீவில்லிபுத்தூரை விட்டு ராஜபாளையம் சாலையில் நடந்துகொண்டிருந்தபோதுதான், தமிழ்நாட்டிலேயே அதிகம் தோற்ற மனிதரைச் சந்தித்தேன். ஒரே வருடத்தில் நூறு தடவைக்கு மேல் தோற்றவர். இத்தனைக்கும் அவர் எந்த ஆட்டமும் ஆடியவரில்லை.

நான் எட்டாவதோடு படிப்பை விட்டவன். எந்த ஊரிலும் ஒரு வருடம் தாண்டியதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாச் சட்டி கிண்டினேன். அடுப்பில் எரித்த முந்திரித் தோட்டின் புகை கண்ணுக்கு ஒத்துவரவில்லை, சொல்லிவிட்டுக் கிளம்பினேன். முதலாளி ஒரு பொட்டலம் பால்கோவா கொடுத்தனுப்பினார். முந்தின நாள் மத்தியானத்துக்குப் பிறகு நான் சாப்பிட்டிருக்கவில்லை. ஆனாலும் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. அடுத்த வேலை எங்கே என்று தெரியாதபோது சாப்பாட்டைத் தள்ளிப்போடுவது என் வழக்கம்.

பாதி வழியில் ஒரு டீக்கடை. தண்ணீராவது குடிக்கலாமென்று பையைக் கீழே வைத்து, வலது காலைப் படியில் வைத்தேன்.

"ஏலே, காலை எடுக்காத."

உள்ளே ஐம்பது வயதுக்காரர் ஒருவர் செல்போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "நீ கால் வச்ச, நம்மாளு பந்தை வெளிய தூக்கி ஹோம் ரன் அடிச்சிட்டான். அப்படியே நில்லு."

"ஒரு கால் மேல, ஒரு கால் கீழயா?"

"வந்தது அப்படித்தான வந்த?"

டீ மாஸ்டரைப் பார்த்தேன். அவர் ஆற்றுவதற்காகத் தலைக்கு மேல் தூக்கிய குவளையோடு சிலையாக நின்றார். "நானும் இப்படித்தான் நிக்கேன் தம்பி. அவிய கார்ட்டன் அண்ணாச்சி. நேரம் இருக்கு, சொல்லுதேன் கேளு" என்று உதட்டை மட்டும் அசைத்துக் கதையைச் சொன்னார்.

ராஜபாளையத்தில் காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி செய்கிற ஒரு கம்பெனியில், அண்ணாச்சிக்கு கார்ட்டன் என்கிற அட்டைப்பெட்டி கட்டும் வேலை. அவர் கட்டும் பெட்டி எல்லாம் அமெரிக்காவில் ஒரே ஊருக்குப் போகும். அந்த ஊருக்கு ஒரு பேஸ்பால் அணி உண்டு என்று யாரோ சொல்லப்போக, அன்றிலிருந்து அது அண்ணாச்சியின் அணி. ஆட்டக்காரன் ஒருவன் முழங்காலில் கட்டோடு வந்தால் போதும். "நம்ம துணி. ஓரத்தைப் பாரு. செவ்வாக்கிழமை நான் கட்டுன பெட்டி" என்பார்.

வருடத்துக்கு நூற்று அறுபது ஆட்டத்துக்கு மேல் ஆடுகிற அந்த அணி இந்த வருடம் தோற்க ஆரம்பித்தது. தொடர்ந்து பதினோரு ஆட்டம் தோற்றதும் அண்ணாச்சி ஆண்டாள் சன்னதிக்குப் போய் அர்ச்சனைத் தட்டை நீட்டினார். பட்டர் பெயர், நட்சத்திரம் கேட்டார்.

"ஒம்பது பேரு சாமி. நட்சத்திரம் தெரியாது. பந்து வீசுதவனுக்குத் தோள்பட்டை வலி, அதை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்லுங்க."

ஜெயிக்கிற அணியாகப் பார்த்து மாறிக்கொள்ளும்படி கம்பெனியில் கேலி செய்தார்கள். "பெட்டியில எழுதியிருக்க ஊரை மாத்த முடியுமாலே?" என்றார். கேலி முற்றிய ஒருநாள், அந்த ஆட்டத்தின் சரித்திரத்திலேயே அதிகம் தோற்ற அணி என்ற பெயர் நம்ம அணிக்கு வந்தால் வேலையை விட்டுப் போகிறேன் என்று எல்லார் முன்னாலும் ஆண்டாள் மேல் சத்தியம் செய்துவிட்டார். இருபது வருட வேலை.

இன்று கடைசி ஆட்டம். தோற்றால் அந்தப் பெயர் வந்துவிடும். கடைசிச் சுற்று, இன்னும் ஒரு ரன் குறைவு. இந்தக் கடையில் உட்கார்ந்து பார்த்த ஆட்டங்களில்தான் அணி ஜெயித்திருக்கிறது என்பதால் விடியுமுன் இங்கே வந்துவிட்டார்.

கிருஷ்ணன்கோவில் போகிற காலேஜ் பஸ் ஒன்று வந்து நின்றது. டிரைவர் கதவைத் திறந்து, "மாஸ்டர், ஒரு டீ" என்றார்.

"அசைய முடியாதுண்ணே. ரெண்டு பேரு அவுட்டு, மூணாவது ஆளும் போனா ஆட்டம் முடிஞ்சிரும்."

"எனக்கு எப்ப டீ?"

"ஜெயிச்ச பொறவு."

டிரைவர் ஒரு கையைக் கதவில் வைத்தபடி அப்படியே நின்றுவிட்டார்.

அப்போதுதான் அந்த நாய் வந்தது. ராஜபாளையம் பேரைக் காப்பாற்றும் வெள்ளை நாய், ரோஸ் மூக்கு. நேராக என் பைக்குள் தலையை விட்டது.

"அண்ணாச்சி, நாய்."

"நாய் போயிரும். ஆட்டம் போனா வராது."

"அது என் சாப்பாடு அண்ணாச்சி. நேத்து மத்தியானத்துக்குப் பொறவு ஒண்ணும் திங்கலை."

அண்ணாச்சி முதல் தடவையாகச் செல்போனிலிருந்து தலையைத் தூக்கினார். என்னைப் பார்த்தார், நாயைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "காலை எடுத்துக்கோலே" என்றார்.

நான் எடுக்கவில்லை. அந்த ஊர் எங்கே இருக்கிறதென்றுகூட எனக்குத் தெரியாது. ஆனால் நான் நிற்பதால் ஒருவருக்கு ஒரு காரியம் ஆகும் என்று அதற்கு முன் யாரும் சொன்னதில்லை. நாய் பொட்டலத்தைப் பிரித்து, நிதானமாகத் தின்று, இலையையும் நக்கிவிட்டுப் போனது.

அது போன கொஞ்ச நேரத்தில் செல்போனில் மட்டையின் சத்தம் கேட்டது. இரண்டு பேர் ஓடி வந்து சேர்ந்தார்கள், இரண்டு ரன். நம்ம அணி ஜெயித்துவிட்டது. அண்ணாச்சி குதிக்கவில்லை. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இப்ப அசையலாமா?" என்றேன்.

"செத்த நேரம் இரு. மறுபடி போட்டுக் காட்டுதான்."

அன்று அவர் எனக்கு எத்தனை இட்லி வாங்கிக் கொடுத்தார் என்று நான் எண்ணவில்லை. மாஸ்டர் எண்ணியிருப்பார்.

மறுநாள் காலை என்னைக் கம்பெனிக்குக் கூட்டிப்போனார். என்ன வேலை தெரியும் என்று சூப்பர்வைசர் கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் அண்ணாச்சி முந்திக்கொண்டார். "வயித்துக்கு வச்சிருந்ததை நாய் திங்கும்போதும் காலை எடுக்காம நின்ன பய. பெட்டி கட்ட வேற என்ன வேணும்?"

அவருக்கு எதிரில் என்னை நிறுத்தி, டேப்பைக் கையில் கொடுத்தார். பெட்டியில் எழுதியிருந்த ஊரின் பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தேன்.

"இறுக்கி ஒட்டுலே. அடுத்த சீசனுக்குப் போறது."

இறுக்கி ஒட்டினேன். அடுத்த வருடம் நாங்கள் ஜெயித்துவிடுவோம் என்றுதான் எனக்கும் பட்டது.