சிரிக்காமல் நடந்த கல்யாணம்

"இது என் பொண்ணு கல்யாணமா, இல்ல போலீஸ் ஸ்டேஷன்ல திருடங்களை வரிசையா நிறுத்தி எடுத்த படமா?"

காமிராவின் சிறுதிரையைப் பார்த்த மணமகளின் தாயார் புகைப்படக்காரரிடம் சீறினார்.

வாழ்நாளெல்லாம் பாஸ்போர்ட் படம் மட்டுமே எடுத்துப் பழகியவர் அவர். முதன்முதலாகக் கிடைத்த கல்யாணம் இது. வயல்களுக்கு நடுவிலிருந்த பழைய விடுதியின் வைக்கோல் சேமிக்கும் தகரக் கொட்டகையில், நெருங்கிய உறவினர் மட்டும் கூடிய எளிய கல்யாணம். இது நன்றாக அமைந்தால் மேலும் பல வரும். இல்லையேல் மறுபடியும் அந்த வெள்ளைத் திரையும் முக்காலியுமே கதி.

ஆனால், பழக்கம் யாரை விட்டது? பதிவாளர் திருமணத்தை நடத்தத் தொடங்கியதுமே, "யாரும் சிரிக்காதீங்க! காது தெரியணும்! கண்ணாடியெல்லாம் கழட்டிடுங்க!" என்று அவர் வாய் தானாகவே கூவிவிட்டது. தகரக் கூரையில் மழை கொட்டிய சத்தத்தில் பதிவாளர் படித்த ஒரு சொல்லும் எவர் காதிலும் விழவில்லை. இவர் குரல் மட்டும் கணீரென்று கேட்டது. மணமக்கள், சாட்சியாக நின்ற தாயார், பதிவாளர் உட்பட அனைவரும் கீழ்ப்படிந்தனர்.

"நாங்களாவது திருடங்க மாதிரிதான் இருக்கோம், அத்தை. நீங்க கொலையே பண்ணின மாதிரி இருக்கீங்க" என்றார் மாப்பிள்ளை.

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க, மாப்பிள்ளை!"

மழை விட்டதும் புகைப்படக்காரர் எல்லோரையும் முற்றத்தில் நிறுத்தினார். "இப்ப நல்லா சிரிங்க!"

சிரித்தார்கள், பல்வலிக்காரர்கள் வைத்தியரிடம் வாய் காட்டியதுபோல இருந்தது.

"எங்க வாத்தைக் கொண்டு வரட்டுமா? அது நடக்கிறதைப் பார்த்தா அழுத பிள்ளையும் சிரிக்கும்" என்றாள் விடுதிக்காரி.

வாத்து வந்தது. வந்த வேகத்தில் மாப்பிள்ளையைத் துரத்தியது. அவர் வேலி தாண்ட, வேலியின் ஆணி அவருடைய கால்சட்டையைப் பின்புறம் நெடுகக் கிழித்துவிட்டது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. விடுதிக்காரியின் சமையல் ஏப்ரனைப் பின்பக்கமாகக் கட்டிக்கொண்டு அவர் மானம் காத்தார்.

"ஒரு படத்துலயாவது நான் சந்தோஷமா இருக்க வேண்டாமாம்மா?" என்று மணமகள் கண்கலங்கினாள்.

புகைப்படக்காரர் கைகூப்பினார். "மோதிரம் மாத்துறதை மட்டும் இன்னொரு தடவை பண்ணினா..."

"ஒரே நாள்ல ரெண்டு தடவை கல்யாணமா? பதிவாளர் ஐயா, நீங்களே சொல்லுங்க, இது முறையா?" என்று தாயார் கொதித்தார்.

மூலையில் முகம் வெளிறி உட்கார்ந்திருந்த பதிவாளர் துள்ளி எழுந்தார். "தாராளமா பண்ணலாம்! மோதிரம் மட்டும் என்ன, முதல்லேர்ந்தே பண்ணிடுவோம். ஆனா, இந்தத் தடவை கண்ணாடியைக் கழட்ட மாட்டேன்!"

மறுபடியும் கொட்டகையில் கூடினர். ஏப்ரனோடு நின்ற மாப்பிள்ளையைக் கண்டு மணமகளுக்குச் சிரிப்புப் பீறிட்டது. இதழைக் கடித்து அடக்கிப் பார்த்த தாயாரும் இறுதியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். காமிரா ஓயவில்லை.

"என் தங்கச்சி மகன் கல்யாணத்துக்கும் நீங்கதான்" என்று தாயாரே கூறிவிட்டார்.

புறப்படும்போது புகைப்படக்காரர் பதிவாளரின் கைகளைப் பற்றிக்கொண்டார். "பெரிய மனசு பண்ணி என் மானத்தைக் காப்பாத்தினீங்க, ஐயா."

பதிவாளர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அவர் காதருகே குனிந்தார்.

"நீங்கதானய்யா என்னைக் காப்பாத்தினீங்க! கண்ணாடி இல்லாம, பொண்ணு பேருக்குப் பதிலா சாட்சி பேரைப் படிச்சு, முதல் தடவை அந்தப் பையனுக்கு மாமியாரையே கட்டி வெச்சுட்டேன்!"