சிதம்பரம் வரைந்த கட்டில்

"ரகுபதி வர்றான். மூணு மாசம் நம்ம வீட்டுலதான்" என்றாள் சாமுண்டீஸ்வரி.

சிதம்பரத்தின் தொண்டையில் தோசை அப்படியே நின்றுவிட்டது. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. ஒரு மடக்குத் தண்ணீர் குடித்து அதை வழியனுப்பிவிட்டு, "எந்த ரகுபதி?" என்று கேட்டார். உலகத்தில் வேறு ஏதாவது ரகுபதி இருந்துவிட மாட்டானா என்ற நப்பாசை.

"என் தம்பிதாங்க. அவனோட பிடோக் வீட்டுல ரினோவேஷன் நடக்குது. அந்தத் தூசியில எப்படி லா இருப்பான்? சின்ன ரூம்ல ஒரு கட்டில் போட்டாப் போச்சு."

சின்ன ரூமா! பொங்கோல் பேட்டையில் அவ்வளவு கடன்பட்டு வாங்கிய வீட்டில் சிதம்பரத்தின் ஆட்சி செல்லுபடியாகும் ஒரே நிலப்பரப்பு அது. ஒரு சாய்வு நாற்காலி. கிரிக்கெட் பார்க்க ஒரு டிவி. மேஜைக்கு அடியில் மகள் யாமினிக்குக்கூடத் தெரியாத முறுக்கு டின். கதவைச் சாத்திக்கொண்டால் அவர் ராஜா. திறந்தால் பிரஜை.

அதிலும் ரகுபதி சாதாரண மச்சான் இல்லை, உடற்பயிற்சி மச்சான். போன தீபாவளிக்கு இரண்டே நாள் தங்கினான். இரண்டு நாளும் விடிவதற்கு முன்பே சிதம்பரத்தை எழுப்பி, வாட்டர்வே கால்வாய் ஓரமாக ஓடவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பியவர் கையில் பாகற்காய் ஜூஸைக் கொடுத்தான். "அத்தான், சர்க்கரை விஷம்" என்று சொல்லி மைசூர்பாகு முழுவதையும் எதிர் வீட்டுக்குத் தாரைவார்த்தான். இரண்டு நாளுக்கே மூன்று கிலோ இறங்கிவிட்டது. மூன்று மாதம் என்றால் ஆளே மிஞ்சமாட்டார்.

"கட்டில் போகுமா தெரியலையே, சாமு" என்றார் பலவீனமாக.

"போகாதுன்னு காட்டுங்க. அப்புறம் பேசலாம்."

அந்தச் சனிக்கிழமையும் அவர் வழக்கம்போல் சமூக மன்றத்தின் ஓவிய வகுப்புக்குப் போனார். லீவு நாளில் அடுப்படியில் குறுக்கும் நெடுக்கும் நடக்கிறார் என்று சாமுண்டீஸ்வரியே சேர்த்துவிட்ட வகுப்பு. அன்றைக்கு ஆசிரியை ஆயிஷா மேஜை மேல் ஒரு டிஷ்யூ டப்பாவை வைத்தாள், மூலை முன்னால் தெரியும்படி.

"கண் உயரத்துல ஒரு படுக்கைக் கோடு போடுங்க. கோட்டோட ரெண்டு கோடியிலும் ஒவ்வொரு புள்ளி. அப்புறம் டப்பாவோட முன் விளிம்பை நிமிர்ந்த கோடாப் போட்டு, அதோட மேலேருந்தும் கீழேருந்தும் ரெண்டு புள்ளிக்கும் கோடு இழுங்க. டப்பா தானா எழுந்து நிக்கும்."

எல்லாருடைய டப்பாவும் எழுந்து நின்றது. சிதம்பரத்தின் டப்பா பாய்ந்து வந்தது.

ஆயிஷா எட்டிப் பார்த்துத் திடுக்கிட்டாள். "அங்கிள், புள்ளி ரெண்டையும் கிட்டக் கிட்ட வச்சுட்டீங்க. அதான் டிஷ்யூ டப்பா லாரி மாதிரி மேல ஏற வருது. தள்ளி வைங்க லா."

வேறு யாராக இருந்தாலும் அழித்திருப்பார்கள். சிதம்பரம் ரப்பரை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். டிஷ்யூ டப்பாவே லாரி ஆகுமென்றால் கட்டில் என்ன ஆகும்? இரண்டு புள்ளி வைத்தால் போதும், மச்சானுக்கு முற்றுப்புள்ளி!

வீட்டுக்கு வந்ததும் சின்ன ரூமை வரைந்தார். இரண்டு புள்ளிகளையும் இரட்டைப் பிள்ளைகள் போல ஒட்ட வைத்தார். கட்டிலை இழுத்தார். ஒரு கால் ஜன்னலுக்கு வெளியே போகிற மாதிரி இருந்தது. இன்னொரு கால் கதவை உதைத்தது. தலையணை மட்டும் ஒரு சின்ன மலை.

படத்தைப் பார்த்த சாமுண்டீஸ்வரி வாயில் கை வைத்தாள். "ஐயையோ! கதவே திறக்காது போலிருக்கே!"

"நான் என்ன செய்ய, சாமு? இது பெர்ஸ்பெக்டிவ். விஞ்ஞானம். பொய் சொல்லாது."

"உங்களுக்குள்ள இவ்வளவு திறமையாங்க? இப்படியே நம்ம பெட்ரூமையும் வரைங்களேன், ஆசையா இருக்கு."

கல்யாணம் ஆன நாளாகச் சாமுண்டீஸ்வரி அவரைப் புகழ்ந்ததில்லை. மனுஷர் கிறுகிறுத்துப் போனார். இந்தத் தடவை புள்ளிகளைக் காகிதத்தின் இரண்டு ஓரத்துக்கும் விரட்டினார். பெட்ரூம் ஹோட்டல் கல்யாண மண்டபம் போல விரிந்தது. நடுவில் கட்டில், தீப்பெட்டி அளவில். அவள் இரண்டு படங்களையும் வாங்கி, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினாள். அதற்குப் பிறகு அந்த வாரம் முழுக்க ரகுபதி பேச்சே எழவில்லை. சிதம்பரம் தினம் கூடுதலாக நாலு முறுக்கு தின்றார்.

அடுத்த சனிக்கிழமை வகுப்பு முடிந்து விசிலடித்துக்கொண்டே வந்தவர் வாசலில் உறைந்துபோனார். படகு மாதிரி இரண்டு ஓட்டப்பந்தயச் சப்பாத்துகள். உள்ளே ஓடினார். பெட்ரூமில் அவருடைய கட்டிலின் மேல் ரகுபதியின் பெட்டி. பக்கத்தில் சாமுண்டீஸ்வரி, கையில் சுருட்டிய புதுப் பாயோடு.

"என்ன சாமு இது?"

"உங்க படத்தைப் பார்த்துத்தாங்க முடிவு பண்ணேன். சின்ன ரூம்ல கட்டில் போகாது. பெட்ரூம் கடல் மாதிரி கிடக்கு. வந்தவனைத் தரையில படுக்க வைக்க முடியுமா? அவன் இங்க. நான் யாமினி ரூம்ல."

"நான்?"

"சின்ன ரூம்ல. கட்டில்தானே போகாது? பாய் போகும்ல."

இடுப்புவலிக்காரரான சிதம்பரத்துக்குக் கண் இருட்டியது. "அந்தப் படத்தை அப்படியே நம்பக் கூடாது, சாமு."

"ஏன்? விஞ்ஞானம்னீங்க?"

"புள்ளி கொஞ்சம் கிட்ட வந்துடுச்சு."

"தானா நடந்து வந்துச்சா?"

"நான்தான் வச்சேன்."

"தெரிஞ்சேவா?"

சிதம்பரம் கூரையைப் பார்த்தார். அங்கே மின்விசிறி மட்டும் இருந்தது, அதுவும் அவருக்காகப் பரிந்து பேசவில்லை.

"என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க. சின்ன ரூம்ல கட்டில் போகுமா, போகாதா?"

"போகும்."

"சத்தமா."

"போகும்! தாராளமாப் போகும்! என்னைத் தரையில மட்டும் போட்டுடாதே!"

"அப்பாடா" என்று பாயைக் கீழே போட்டாள் சாமுண்டீஸ்வரி. "இதை உங்க வாயால கேட்கத்தான் பெட்டியை இங்க வச்சேன். நீங்க படம் போட்ட அன்னைக்கே டேப் வச்சு அளந்துட்டேங்க. இன்னைக்கு நீங்க கிளாஸுக்குக் கிளம்பினதும் கட்டிலும் வந்தாச்சு."

அவள் போய்ச் சின்ன ரூம் கதவைத் தள்ளினாள். அது முழுசாகத் திறந்தது. சுவரோரமாகப் புதுக் கட்டில் கச்சிதமாகக் கிடந்தது. அதன்மேல் சம்மணம் போட்டு ரகுபதி. கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் நிஜமாகவே நல்ல இடம் மிச்சம் இருந்தது.

சிதம்பரத்துக்கு உயிர் கொஞ்சம் திரும்பியது. "அந்த இடம் என் நாற்காலிக்குத்தானே?"

"இல்லை, அத்தான், டிரெட்மில்லுக்கு" என்றான் ரகுபதி. "எனக்கில்ல, உங்களுக்கு."