நான்கு ரோஜா வைக்கும் தட்டு

கணவன் வெளிநாட்டில் இருக்கும் பெண்ணுக்கு நேரம் நிறைய இருக்கும். அதோடு வாசிக்கும் பழக்கமும் சேர்ந்துவிட்டால், வீட்டில் எந்தச் சாமானும் நிம்மதியாக இருக்க முடியாது. எங்கள் வீட்டில் மாட்டிக்கொண்டது ஒரு கண்ணாடித் தட்டு.

என் வீட்டுக்காரர் குவைத்தில் இருக்கிறார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். மற்ற நாட்களில் போன்தான். "சாப்டியா?" "சாப்டேன். நீங்க?" "ம்." (கல்யாணமான புதிதில் இதைக் காதல் என்றே நினைத்தேன். போகப் போகத்தான் இது விசாரணை என்று புரிந்தது.) ஒரு லீவில், பனியன்களுக்கு நடுவே சுற்றி அந்தத் தட்டைக் கொண்டுவந்தார். தேன் நிறம். சதுரம். தூக்கினால் அம்மிக்குழவியின் கனம். விளிம்பின் நான்கு பக்கத்திலும் நடுவில் ஒரு பள்ளம். "பத்திரமா வை" என்றார். எனக்கா, எதற்கு, எங்கே வாங்கியது, ஒரு வார்த்தை இல்லை. நானும் சோகேஸில் வைத்துத் தினமும் துடைத்து வந்தேன்.

ஒருநாள் நாத்தனார் ரைஹானா, டீ குடித்துக்கொண்டே சொன்னாள்: "எங்க நானா ஒங்களுக்கு ஒரு மொழம் பூ வாங்கித் தந்திருக்குமா மச்சி? அதுக்கு அதெல்லாம் வராது."

நானா என்றது அவளுடைய அண்ணனை, என் வீட்டுக்காரரை; மச்சி நான். விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் நான் யாரிடமும் கேட்காமல் வைத்திருந்த கேள்வி அது. அந்தத் தட்டு எனக்காகத் தேடி வாங்கியது என்று நிரூபித்துவிட்டால், இத்தனை வருஷத்து 'சாப்டியா'வுக்கும் ஒரு பொழிப்புரை கிடைத்துவிடும். ஆராய்ச்சியில் இறங்கினேன்.

அடியில் பாதி கிழிந்த வெள்ளி நிற லேபிள் ஒன்று இருந்தது. கிழிந்தது போக மிஞ்சியது 'ஸ்லோவாகியா'. முன்பாதியை நானே நிரப்பிக்கொண்டேன். செக்கோஸ்லோவாகியா என்ற நாடே இப்போது இல்லை, இரண்டாகப் பிரிந்துவிட்டது. இல்லாத நாட்டில் செய்த பொருள் என்றால் சாமானியமா? உள்ளே ஒரு குமிழி தெரிந்தது. யாரோ ஒரு கலைஞன் ஊதிய மூச்சு என்று முடிவு செய்தேன். ஓரத்தில் மெல்லிய கோடு ஒன்று ஓடியது. அது முதுமையின் ரேகை. சில பழைய கண்ணாடிகள் ஊதா வெளிச்சத்தில் பச்சையாக மின்னும் என்று படித்திருந்ததால், ரைஹானாவின் கணவர் கடையில் கள்ளநோட்டு பார்க்கும் விளக்கை இரவல் வாங்கி, போர்வைக்குள் புகுந்து அடித்துப் பார்த்தேன். பச்சையாகத்தான் தெரிந்தது. (என் சேலையும் பச்சை.)

வயது: கிட்டத்தட்ட நூறு. பயன்: மணப்பெண்ணின் அலங்கார மேசையில் ரோஜா வைக்கும் தட்டு. நான்கு பள்ளம், நான்கு காம்பு. இதைவிடத் தெளிவாக ஒரு கண்ணாடி பேச முடியுமா?

தீர்ப்பை வெளியிட ஒரு வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தேன். ரைஹானாவும் இன்னும் நான்கைந்து சொந்தக்காரப் பெண்களும் சாப்பாட்டுக்கு வந்திருந்தார்கள். பிரான்சிலிருந்து வந்திருந்த பெரியத்தாவும் பாண்டிச்சேரியிலிருந்து வருவதாகச் சொல்லி, பக்கத்து ஊர் பூவம் தாண்டியதும் போன் பண்ணினார். வீட்டுக்காரருக்குப் பெரியப்பா முறை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், ஊரில் சொல்தா என்பார்கள். ஐரோப்பா பார்த்தவர் சாட்சியாக இருப்பது நல்லது என்று நினைத்தேன்.

டீப்பாய் மேல் லேஸ் துணி, அதன்மேல் தட்டு, ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு ரோஜா. சாப்பாடு முடிந்ததும் பேசினேன். ராஜகுமாரிகள், கலைஞனின் மூச்சு, எல்லாம் வந்தது. ரைஹானாவே வாயைப் பிளந்துவிட்டாள். "நானாவா இத வாங்குச்சு?"

பெரியத்தா சட்டைப்பையிலிருந்து ஒரு சிகரெட்டை எடுத்துப் பற்றவைத்தார். ஒரு ரோஜாவை மரியாதையாக எடுத்து ஓரமாக வைத்தார். அந்தப் பள்ளத்தில் சிகரெட்டைச் சாய்த்தார். அது அங்கேயே பிறந்ததுபோல் உட்கார்ந்தது.

"நான் பட்டாளத்துல சேந்தப்ப கேண்டீன் மேச பூரா இதான்மா" என்றார். "அச்சுல அமுக்குன கண்ணாடி. இந்தா, ரெண்டு அச்சும் சேந்த கோடு. ஒனக்கு யாரு இதுல ரோசாப்பூ வைக்கச் சொன்னது?"

யாரும் சிரிக்கவில்லை. அது சிரிப்பதைவிட மோசமாக இருந்தது. அந்த நேரம் பார்த்து வீடியோ காலில் வீட்டுக்காரர் வந்தார். வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு. ரைஹானா போனைப் பிடுங்கி டீப்பாய் பக்கம் திருப்பினாள்.

"நானா, நீ மச்சிக்கு ஆஷ்ட்ரேவா வாங்கிட்டு வந்த?"

"வாங்கல. என்னோடதுதான் அது."

"நீ சிகரெட் குடிப்பியா?"

"குடிச்சேன். விட்டுட்டேன்."

நான் போனை வாங்கிக்கொண்டேன். எனக்காக வாங்கியதே இல்லை என்று ஆகிவிட்டது. "விட்டப்பவே தூக்கி எறிஞ்சிருக்கலாமே. அத ஏன் எங்கிட்ட தந்தீங்க?"

அவர் போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். 

"ரூம்ல முன்னாடி இருந்த ஆளு ஜன்னல்ல வுட்டுட்டுப் போனது. ஒங்கிட்ட பேசுறப்பல்லாம் எதுக்க அதான் இருக்கும். நீ பேசுனது பூரா கேட்ட சாமான் அது. எறிய மனசு வரல. சரி, நீ இருக்குற எடத்துலயே இருக்கட்டும்னு கொண்டாந்தேன்."

கல்யாணமான நாளிலிருந்து அவர் ஒரே மூச்சில் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். எட்டுப் பேர் கேட்டார்கள். பெரியத்தா சத்தமில்லாமல் சிகரெட்டை எடுத்துத் தன் டீ சாசரில் நசுக்கினார். கர்ச்சீப்பால் பள்ளத்தைத் துடைத்து, ரோஜாவைத் திரும்ப அதே இடத்தில் வைத்தார்.

வருஷங்கள் ஆகியும் கதை ஓயவில்லை. சொந்தத்தில் யார் புதுப் பாத்திரம் வாங்கினாலும், "மச்சி கண்ணுல காட்டாதீங்க, ரோஜா சொருவி ராணி காலத்துக்கு அனுப்பிடுவாங்க" என்பாள் ரைஹானா. பெரியத்தா பிரான்சிலிருந்து பேசினால், தன் வீட்டில் பள்ளம் உள்ள தட்டு இன்னும் இரண்டு இருக்கிறது, அனுப்பட்டுமா என்று கேட்பார்.

தட்டின் சரியான பயன் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. சிகரெட்டும் செல்போனும் ஏறக்குறைய ஒரே தடிமன். எதிரெதிர்ப் பள்ளங்களில் போனை நீளவாட்டில் செருகினால் ஆடாமல் நிற்கும். வீடியோ காலில் பேசக் கையில் பிடிக்கவேண்டாம்.

"அது பத்திரமா இருக்கா?" என்று அவர் அடிக்கடி கேட்பார்.

"அதுலதான் நிக்கிறீங்க."

தன் காலுக்குக் கீழே குனிந்து பார்ப்பார்.

"சாப்டியா?"

"சாப்டேன். நீங்க?"