பதினெட்டும் தப்பு

'தூ'வுக்குப் போட வேண்டிய சுழியை மகள் 'பூ'வுக்குப் போட்டிருந்தாள்.

"சரியா இருக்காப்பா?"

கேட்டுவிட்டு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். காலையில்தான் அவனுடைய அக்கா போனில் சொல்லியிருந்தாள்: "தாயில்லாப் பிள்ளைடா. தப்பை மூஞ்சிக்கு நேரா சொல்லாத. பயந்துக்கும்."

"சரியா இருக்கு, கண்ணு."

மகள் முகம் ஏனோ வாடியது. பல் தேய்க்கப் போனாள். அவன் ரப்பரை எடுத்தான்.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. 'ஊ' என்ற ஓசை ஒன்றுதான். ஆனால் பதினெட்டு மெய்யெழுத்தோடும் சேரும்போது வீட்டுக்கு வீடு வேஷம் மாற்றும். ஓரிடத்தில் வளைவு, ஓரிடத்தில் கீழிறங்கும் கால், ஓரிடத்தில் சுழி. ஒன்றாம் வகுப்புக் குழந்தை என்ன செய்யும்? 'ஙூ' எழுத அவனே தடுமாறினான். பிறந்ததிலிருந்து அவனுக்கு அந்த எழுத்தோடு ஒரு ஜோலியும் இருந்ததில்லை.

திருத்தினான். பள்ளி டைரியில் வழக்கம்போல் கையெழுத்துப் போட்டான். அலுவலகத்தில் வருகிற தாளிலெல்லாம் 'பார்த்தேன்' என்று கையெழுத்திடுவதுதான் அவன் வேலை. டைரியைப் படிப்பது மனைவியின் இலாகாவாக இருந்தது. அவள் போய் எட்டு மாதம் ஆகிறது.

மறுநாள் நோட்டில் சிவப்பு மை: 'வீட்டுப்பாடம் செய்யவில்லை.'

அழித்தது தெரிந்துவிட்டது. அவன் விலை கூடிய ரப்பர் ஒன்று வாங்கினான்.

அன்று மூன்று தப்பு.

"நல்லாப் பாத்தியாப்பா?"

"பாத்தேன், கண்ணு. எல்லாம் சரி."

ரப்பர் தடமே விடவில்லை. ஆனாலும் 'இன்றும் செய்யவில்லை.' தன் கையெழுத்துதான் காட்டிக்கொடுக்கிறது என்று முடிவு செய்து, அடுத்த நாள் முதல் இடது கையால் திருத்தினான். சிவப்பு மை அசைந்து கொடுக்கவில்லை.

விளையாட்டாகச் சொல்லித்தரலாம் என்று கூடையில் 'கூடை' என்றும், பூட்டில் 'பூட்டு' என்றும், டப்பா மூடியில் 'மூடி' என்றும் எழுதி ஒட்டினான். அவள் ஓடிக்கொண்டே எல்லாவற்றையும் படித்தாள். உட்கார்ந்து எழுதியதில் ஒன்பது தப்பு. மருந்து கொடுக்கக் கொடுக்க நோய் முற்றியது.

இரண்டாவது வாரக் கடைசியில் பதினெட்டும் தப்பு. கை தவறிக்கூட ஒன்று சரியாக விழவில்லை.

"இப்பப் பாருப்பா." குரலில் ஒரு கெஞ்சல் இருந்தது.

"சரியா இருக்கு, கண்ணு."

மறுநாள் சிவப்பு மை இரண்டே சொல்தான் எழுதியிருந்தது: 'நேரில் வரவும்.'

வகுப்பில் பெரியவர்கள் உட்கார நாற்காலி இல்லை. குழந்தைகள் பெஞ்சில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்தான்.

"மிஸ், இன்னொரு வருஷம் இதே கிளாஸ்ல உக்கார வெச்சுடாதீங்க. வீட்ல நான் ஒருத்தன்தான். இன்னும் நல்லா சொல்லிக் குடுக்கறேன்."

"யாரை உக்கார வெக்கறது?" டீச்சர் புரியாமல் பார்த்தாள். பிறகு மகளைக் கூப்பிட்டாள். "போர்டுல ஊ வரிசை எழுதும்மா."

மகள் சாக்பீஸை எடுத்து, எட்டாத இடத்துக்கு எம்பி எம்பி, பதினெட்டையும் எழுதினாள். எல்லாம் சரி. 'ஙூ' உட்பட.

இரண்டு வாரமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது. அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று அப்போதுதான் தெரிந்தது.

"அப்ப வீட்ல ஏம்மா எல்லாத்தையும் தப்பா எழுதின?"

டீச்சர் டைரியை விரித்து அவன் முன்னால் வைத்தாள். "இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா."

"அதுக்கு மேல எழுதியிருக்கறதைப் படிச்சீங்களா?"

அவன் தன் கையெழுத்தையே பார்த்தான். மகள் டீச்சரிடம் திரும்பினாள்.

"இப்பச் சொல்லலாமா மிஸ்?"

டீச்சர் தலையாட்டினாள்.

"நான் வேணும்னே தப்பா எழுதணும், நீ கண்டுபிடிச்சு வட்டம் போடணும், அது உன்னோட வீட்டுப்பாடம்ப்பா, உனக்கு ஒண்ணுகூடத் தெரியலையேன்னு பதினெட்டையும் தப்பா எழுதிக் குடுத்தேன், அப்பவும் 'சரியா இருக்கு, கண்ணு'ன்னுட்ட."